தொழில் பாடம்: வெட்டின ஜமக்காளத்துக்கு ஓரம் கட்டுவோம்



வைகாசி மாசம் வரதராஜப் பெருமாள் கருட சேவை என்றால் சின்ன காஞ்சிபுரமே நிறைந்துவிடும். ஒரு வருஷம் அந்தச் சமயத்தில் எங்கள் குழுவுக்கு ஒரு ஆர்டர் வந்தது. ஒரு பஜனைக் கூடத்தின் அளவுக்கு 12 ஜமக்காளம் வெட்டித் தைத்துத் தரவேண்டும். சங்கக் கடன் எடுத்துச் சரக்கு வாங்கினோம். வெட்டினோம். ஓரத்தை ஒரு மடிப்பு மடித்து, ஒரே ஒரு தையல் போட்டுக் கொடுத்துவிட்டோம்.

முதல் சலவையிலேயே ஓரம் பிரிந்து நூல் நூலாக வந்துவிட்டது. பன்னிரண்டும் திரும்பி வந்தன. "தவணையை எப்படி கட்டறது?" என்று ஒரு அக்கா கேட்டார். யாரிடமும் பதில் இல்லை. சரக்கில் குறை இல்லை, எங்கள் வேலையில்தான் குறை. அந்த நஷ்டத்தில் கற்றதைத்தான் இந்தப் பாடத்தில் சொல்கிறோம்.

ஏன் பிரிகிறது?

நம்ம ஊரில் தறி பார்க்காத பெண் கிடையாது. பாவு, ஊடை தெரியும். ஜமக்காளத்தில் பாவு நூல் மெல்லிசு, ஊடை நூல் தடிமன். மேலே தெரிகிற கலர் பட்டை எல்லாம் ஊடைதான். இரண்டு பக்கக் கரையிலும் ஊடை திரும்பித் திரும்பி வருவதால் அங்கே பிரியாது. நீளத்தைக் குறைக்கக் குறுக்கே வெட்டினால், பாவு நுனி அவிழ்ந்து ஊடை வரிசை வரிசையாக நழுவும். அகலத்தைக் குறைக்க வெட்டினால் கரையே போய்விடும். ஊடை துண்டு துண்டாகும், ஓரத்துப் பாவு இழை உதிரும்.

தறியிலிருந்து அறுத்த பட்டுச்சேலைக்கு முந்தானை நூலை முடிச்சுப் போடாமல் விடுவோமா? ஜமக்காளத்துக்கும் அதே நியாயம்தான்.

வாங்கும்போதே யோசியுங்கள்

ஆர்டர் அகலத்துக்குச் சரியான ஜமக்காளமாகத் தேடி வாங்குங்கள். இரண்டு பக்கக் கரையும் தப்பித்துவிடும். ஒரு முனையை மட்டும் வெட்டினால் போதும். நாலு பக்கமும் வெட்டினால் வேலையும் நாலு மடங்கு, பயமும் நாலு மடங்கு.

ஈரோடு மாவட்டத்துப் பவானி ஜமக்காளம் 2005-06இல் புவிசார் குறியீடு பெற்றது. நம்ம காஞ்சிப் பட்டும் அதே காலத்தில்தான் பெற்றது. அதனால் வேறு ஊர்ச் சரக்கை "பவானி" என்று சொல்லி விற்காதீர்கள். நம்ம பட்டின் பேரை வேறு யாராவது எடுத்துக்கொண்டால் நமக்கு எப்படி இருக்கும்?

செய்முறை

1. ஜமக்காளத்தையும் நாடாவையும் வெட்டுவதற்கு முன்னால் தண்ணீரில் நனைத்துக் காயவையுங்கள். (தறி நாடா இல்லை, தைக்கிற 2 அங்குல பருத்தி நாடா.) பருத்தி சுருங்கும். நனைக்காத நாடாவைத் தைத்தால், பிறகு அது மட்டும் சுருங்கி ஓரம் சுருக்குப்பை மாதிரி ஆகிவிடும். ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்து, சாயம் போகிறதா என்றும் பாருங்கள்.

2. சாக்பீஸால் கோடு போடுங்கள். வெட்டுவதற்கு முன்பே, கோட்டுக்கு உள்பக்கம் கால் அங்குலத்தில் ஒரு தையல், அதை ஒட்டி இன்னொரு தையல் போடுங்கள். இதுதான் இந்தப் பாடத்தின் உயிர். நாங்கள் செய்யாமல் விட்டதும் இதைத்தான்.

3. இப்போது கோட்டின் மேல் வெட்டுங்கள். கத்தரி கூர்மையாக இருக்கட்டும்.

4. நாடாவை ஜமக்காளத்தின் அடிப்பக்கம் வைத்து, ஓரத்தோடு ஓரம் பொருத்துங்கள். அரை அங்குலம் உள்ளே தையுங்கள். மூலையில் ஆரம்பிக்காதீர்கள், பக்கத்தின் நடுவில் ஆரம்பியுங்கள்.

5. மூலைக்கு அரை அங்குலம் முன்னால் நிறுத்தி, கெட்டித் தையல் போட்டு நூலை அறுங்கள். நாடாவைச் சாய்வாக வெளிப்பக்கம் மடித்து, பிறகு அடுத்த ஓரத்தோடு ஒட்டி உள்ளே மடியுங்கள். அங்கிருந்து மறுபடி தையல். முதலில் பழைய துணியில் நாலு தடவை பழகுங்கள், கை வந்துவிடும்.

6. சுற்றி முடிந்ததும் நாடாவை மேல்பக்கம் திருப்பி ஓரத்தை மூடி, நாடாவின் விளிம்பை ஒட்டித் தையுங்கள். முதல் இரண்டு தையலும் உள்ளே மறைந்துவிடும்.

தையல் மிஷினில் 18ஆம் நம்பர் ஊசி, கெட்டியான பாலியஸ்டர் நூல் போடுங்கள். தையல் கொஞ்சம் நீளமாக இருக்கட்டும். மூலையில் துணி கனமாக இருக்கும். காலால் மிதிக்காமல் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மிஷின் இல்லாதவர்கள் கோணி ஊசியும் மெழுகு தடவிய நூலும் வைத்து, காஜா போடுவது போல நெருக்கமாக ஓரத்தைக் கட்டலாம்.

நீளத்தை மட்டும் குறைத்தால் நாடாவே இல்லாமலும் முடிக்கலாம். வெட்டும்போது 4 அங்குலம் கூடுதலாக விடுங்கள். அந்த 4 அங்குலத்து ஊடையை உருவிவிட்டு, மிச்சம் நிற்கிற பாவு நூலை ஐந்தாறு இழையாகச் சேர்த்து, ஊடையை ஒட்டி இறுக்கி முடிச்சுப் போடுங்கள். சேலைக்குக் குஞ்சம் கட்டுகிற கைகளுக்கு இது சுலபம்.

கோரைப் பாய்க்கு ஓரம் கட்டும்போது வேறு கவனம் வேண்டும். காய்ந்த கோரை ஒடியும். ஓரத்தை லேசாக நனைத்துத் தையுங்கள். நெருக்கமாகத் தைத்தால் ஊசித் துளை வரிசையிலேயே பாய் கிழியும். வட்டப் பாய்க்கு நேர் நாடா படியாது, குறுக்கு வெட்டுத் துணிப்பட்டைதான் வளையும்.

கணக்கு

6 அடி நீளம், 4 அடி அகலம் என்றால் சுற்றளவு 20 அடி. மூலை மடிப்புக்கும் இணைப்புக்கும் 1 அடி சேர்த்து 21 அடி, அதாவது சுமார் ஆறரை மீட்டர் நாடா. 3 அடி வட்டப் பாய்க்கு 3ஐ 3.14ஆல் பெருக்கினால் ஒன்பதரை அடிக்குக் கொஞ்சம் குறைவு. 10 அடி வாங்குங்கள்.

ஒரு ஜமக்காளம் முடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரம் பார்த்து எழுதுங்கள். நாடா, நூல், கூலி மூன்றையும் கூட்டி, ஓரத்தின் அடியால் வகுத்தால் ஒரு அடிக்கு என்ன விலை என்று வந்துவிடும். "ஒரு பாய்க்கு இவ்வளவு" என்று பொதுவாகச் சொன்னால், மூலை அதிகமுள்ள வேலையில் நம்ம கூலிதான் அடிபடும்.

கடைசியில் என்ன ஆச்சு?

பிரிந்த ஓரத்தை வெட்டி எறிந்துவிட்டு, பன்னிரண்டையும் இந்த முறையில் மறுபடி கட்டினோம். எட்டு நாள் ராத்திரி வேலை. கையில் துவைத்துக் காட்டித்தான் கொடுத்தோம். அளவு கொஞ்சம் குறைந்தாலும் வாங்கிக்கொண்டார்கள். எங்களுக்குக் கூலி மிஞ்சவில்லை. ஆனால் தவணை தப்பவில்லை, பேரும் போகவில்லை. அடுத்த வருஷமும் அந்த இடத்திலிருந்தே ஆள் வந்தது.

குழுக் கூட்டத்தில் பேச

• நம் குழுவில் யாருக்குத் தையல் தெரியும், யாருக்கு முடிச்சுப் போடத் தெரியும்?
• ஆர்டர் எடுக்கும் முன் ஒரு மாதிரி தைத்து, மூன்று தடவை துவைத்துப் பார்த்தோமா?
• திரும்பி வந்த சரக்கின் நஷ்டத்தை யார், எப்படி ஏற்பது என்று முன்கூட்டியே தீர்மானம் எழுதியிருக்கிறோமா?