எம்.டி. அறையிலிருந்து மருத்துவ அறக்கட்டளைக்கு

கம்பெனி எம்.டி.க்கு உதவியாளராகப் பல வருடம் இருந்துவிட்டு, மருத்துவத் தொண்டு நிறுவனத்துக்கு மாற நினைக்கிறீர்களா? நர்ஸிங் படித்திருக்க வேண்டியதில்லை. டிரஸ்டிகள் கூட்டத்துக்கு மினிட்ஸ் எழுத, நன்கொடையாளருக்கு அறிக்கை அனுப்ப, கண் முகாமுக்கு வேனும் டாக்டரும் நேரத்துக்கு வந்து சேர ஏற்பாடு செய்ய அங்கேயும் ஆள் வேண்டும். இதைத்தானே தினமும் செய்கிறீர்கள்!

பயோடேட்டாவில் ‘காலண்டர் பராமரிப்பு’ என்று எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எத்தனை பேர் வந்த கூட்டம், எவ்வளவு பட்ஜெட், பில்கள் ஆடிட்டில் தேறினவா என்று எழுதுங்கள்.

முக்கியமாக, பணம் வரும் வழியைத் தெரிந்துகொள்ளுங்கள். 80ஜி (நன்கொடையாளருக்கு வரிச்சலுகை), சி.எஸ்.ஆர். (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி), எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) மூன்றும் அத்துப்படியாக வேண்டும். வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகச் செலவு 50 சதவீதம் வரை போகலாம் என்றிருந்ததை 2020-ல் 20 ஆகக் குறைத்துவிட்டார்கள். அலுவலகச் சம்பளத்தில் கை வைப்பது இதுதான். நேர்முகத் தேர்வில் கூச்சப்படாமல் கேளுங்கள்: “என் சம்பளம் நிர்வாகக் கணக்கிலா, திட்டக் கணக்கிலா? திட்டம் முடிந்தால் வேலை இருக்குமா?” சம்பளம் பெரும்பாலும் குறையும். வீட்டில் முன்பே பேசிவிடுங்கள்.

பயிற்சி வேண்டுமென்றால், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் ‘லைக்கோ’ பயிற்சி நிறுவனம், கண் மருத்துவமனை நிர்வாகத்தைக் கற்றுத்தருகிறது.

ராஜினாமா கடிதத்துக்கு முன், ஒரு ஞாயிறு இலவச முகாமில் பதிவு மேஜையில் உட்காருங்கள். செல்போன் இல்லாத பாட்டிக்கு யார் நம்பரை எழுதுவது என்பதிலிருந்தே வேலை தொடங்கும்.