மீனுக்குப் பூச்சித்தீவனம்: எதை வாங்கலாம், எதை விடலாம்?

திருவதிகையிலும் பண்ருட்டியைச் சுற்றிய ஊர்களிலும் பண்ணைக்குட்டை வெட்டி மீன் விட்டவர்களுக்குப் பெரிய செலவு தீவனம்தான். மொத்தச் செலவில் பாதிக்கு மேல் அதற்கே போகிறது. அதனால் புழு வளர்த்து மீனுக்குப் போடலாம் என்று யாராவது சொன்னால் எல்லோரும் உட்கார்ந்து கேட்கிறார்கள். பலாப் பருவத்தில் பண்ருட்டிச் சந்தையில் குவியும் தோலும் சடையும், முந்திரித் தோப்பில் கொட்டையைத் திருகிக்கொண்டு எறியும் பழமும் புழுவுக்கு இரையாகும். புழு மீனுக்கு இரையாகும். காசு கொடுத்து வாங்கும் தீவனம் குறையும். கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மீன் கடைசியில் யாரோ ஒருவர் வீட்டுக் குழம்புச் சட்டிக்குப் போகிறது. ஆகவே விலை விசாரிக்கும் முன் அந்தப் புழு எதைத் தின்று வளர்ந்தது என்று விசாரிக்க வேண்டும்.

பூச்சித்தீவனத்தில் உலகெங்கும் முன்னால் நிற்பது பிளாக் சோல்ஜர் ஈயின் புழு. பண்ணைக்காரர்கள் இதை பிஎஸ்எஃப் என்று சுருக்கிச் சொல்கிறார்கள். வீட்டு ஈயைப் போல இது சாக்கடையில் உட்கார்ந்துவிட்டுச் சோற்றுக்கு வராது. வளர்ந்த ஈ உணவு தேடி வீட்டுக்குள் நுழைவதே இல்லை. சில நாள் வாழ்ந்து, முட்டையிட்டு, மடிந்துபோகும். தின்பதெல்லாம் புழுவாக இருக்கும் இரண்டு மூன்று வாரத்தில்தான். காய்ந்த புழுவில் சுமார் 40 சதவீதம் புரதம், 30 சதவீதம் அளவில் கொழுப்பு. கொழுப்பைப் பிழிந்துவிட்டால் மிஞ்சும் தூளின் புரதம் 55 சதவீதத்தைத் தொடும். மீன்தூளுக்கு அருகில் வந்துவிடும். சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனமான சிபா, பெங்களூருவின் லூப்வோர்ம் போன்ற நிறுவனங்களோடு சேர்ந்து இறாலுக்கும் கொடுவாவுக்கும் பூச்சிப்புரதத்தைச் சோதித்து வருகிறது. ஆக, இது ஏட்டில் இருக்கும் யோசனை மட்டுமல்ல.

எந்தத் தீவனம் என்று முடிவெடுக்கும் முன் குட்டையில் இருப்பது எந்த மீன் என்று பார்க்க வேண்டும். கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய கெண்டைகள் என்றால் பூச்சித்தூளுக்காகப் பெருஞ்செலவு செய்யத் தேவையில்லை. குளத்தில் விளையும் நுண்ணுயிரும் தவிடும் புண்ணாக்குமே அவற்றை வளர்த்துவிடும். விரால் அப்படியல்ல, அது ஊனுண்ணி, புரதம் நிறைய வேண்டும். பூச்சித்தீவனத்தின் கணக்கு அங்கேதான் பொருந்திவரும். அதிலும் மீன்தூளை ஒரேயடியாக நிறுத்தாமல், கால் பங்கை மட்டும் முதலில் மாற்றிப் பார்ப்பது நல்லது. அமெரிக்காவில் டிரவுட் மீனுக்கு அப்படிக் கால் பங்கு மாற்றிய 2007ஆம் ஆண்டு ஆய்வில் வளர்ச்சி குறையவில்லை. ஆனால் இறைச்சியில் ஒமேகா-3 கொழுப்பு குறைந்தது. நார்வேயில் சால்மனுக்கு மீன்தூள் முழுவதையும் மாற்றியும் வளர்த்துக் காட்டினார்கள். அது ஆய்வுக்கூடத்தில் கணக்குப் பார்த்துச் சமன் செய்த தீவனம். வெறும் புழுவை அள்ளிப் போட்டு அந்தப் பலனை எதிர்பார்க்க முடியாது.

பழகிய தீவனம் என்பதாலேயே கடலைப் புண்ணாக்குப் பாதுகாப்பானது ஆகிவிடாது. விருத்தாசலம் பக்கம் கடலை விளைகிற மாவட்டம் இது. புண்ணாக்கு எளிதில் கிடைக்கும், விலையும் கட்டுப்படியாகும். மழைக்காலத்தில் மூட்டையில் ஈரம் ஏறிப் பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு உண்டாகிறது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தன. பிரேசிலிலிருந்து வந்த பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்குதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. அதே காலத்தில் அமெரிக்க மீன்பண்ணைகளில் டிரவுட் மீன்களுக்குக் கூட்டங்கூட்டமாக ஈரல் புற்றுநோய் வந்தது. அவை தின்ற பருத்திக்கொட்டைப் புண்ணாக்கில் இருந்ததும் இதே நஞ்சு. இந்த ஒரு விஷயத்தில் பிஎஸ்எஃப் புழு ஒரு படி மேல்: அஃப்ளாடாக்சின் கலந்த இரையைத் தின்ற புழுவின் உடலில் அந்த நஞ்சு சேர்ந்து தங்கவில்லை என்று நெதர்லாந்தில் நடந்த சோதனை காட்டியது. அதற்காகப் பூசணம் பிடித்த புண்ணாக்கைப் புழுவுக்குத் தள்ளிவிடலாம் என்று அர்த்தமில்லை. புண்ணாக்கைப் பலகை மேல் அடுக்கி, கட்டி தட்டியதையும் கசப்பு வாடை அடிப்பதையும் தூக்கி எறிகிறவருக்கு, கெண்டை வளர்க்கிற வரையில் அது இன்றைக்கும் நல்ல தேர்வுதான்.

கம்பெனிக் குருணைத் தீவனம் அடுத்தது. மிதக்கும், வீணாகாது, அளவு தெரியும். மீன் தீவனத்துக்கென்றே ஐஎஸ் 16150 என்ற இந்தியத் தரநிர்ணயம் இருக்கிறது. மூட்டையில் புரதம், கொழுப்பு, ஈரப்பதம், தயாரித்த தேதி எல்லாம் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் போதும்.

பூச்சி என்றதும் பலருக்கு பிஎஸ்எஃப் மட்டுமே நினைவுக்கு வருகிறது. ஆனால் நம் பக்கத்தில் இதைவிடப் பழைய பூச்சித்தீவனம் ஒன்று உண்டு. பட்டு நூற்கும் இடங்களில் கூட்டை வேகவைத்து நூல் எடுத்தபின் மிஞ்சும் கூட்டுப்புழுதான் அது. தர்மபுரி, கிருஷ்ணகிரி, ராமநகரம் பக்கங்களில் பட்டுத்தொழில் நடப்பதால் கிடைப்பதில் குறையில்லை. புரதமும் ஏராளம். ஆபத்து அதன் எண்ணெயில் இருக்கிறது. ஜப்பானில் காலங்காலமாகக் கெண்டை மீனுக்குக் கூட்டுப்புழு போட்டு வந்தார்கள். சிக்குப் பிடித்த எண்ணெயுள்ள பழைய கூட்டுப்புழுவைத் தின்ற மீன்களுக்கு முதுகுச் சதை கரைந்து, உடல் கத்திபோல் மெலிந்தது. செக்கோகே என்று அந்த நோய்க்குப் பெயர் வைத்தார்கள். 1960களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் காரணம் கண்டுபிடித்தார்கள்: கெட்டுப்போன கொழுப்பு. வைட்டமின் ஈ சேர்த்தபோது நோய் தடுக்கப்பட்டது. பூச்சித்தீவனம் மீனுக்குக் கேடு செய்த சான்று தேடுகிறவர் மறக்கக் கூடாத கதை இது. ஆகவே கூட்டுப்புழு வாங்குவதென்றால் எண்ணெய் நீக்கிய தூளாக, புதிதாக, சிக்கு வாடை இல்லாமல் இருக்க வேண்டும். மலிவு என்று மாதக்கணக்கில் சாக்கில் கிடந்ததை வாங்கினால் அடுத்த பட்டத்தில் மீன் எடை காட்டிக்கொடுத்துவிடும்.

பிஎஸ்எஃப் விஷயத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகள் நல்ல வழிகாட்டி. மாடுகளுக்குப் பைத்தியக்கார மாட்டு நோய் வந்தது, மாட்டின் எலும்பையும் இறைச்சியையும் அரைத்து மாட்டுக்கே தீவனமாகப் போட்டதால். அந்தச் சூட்டில் 2001இல் விலங்குப் புரதத்தைத் தீவனத்தில் சேர்க்கவே தடை போட்டார்கள். பிறகு மெல்ல மெல்லத் தளர்த்தி, 2017 ஜூலையில் ஏழு வகைப் பூச்சிகளின் புரதத்தை வளர்ப்பு மீனுக்குக் கொடுக்க அனுமதித்தார்கள். பட்டுப்புழு 2021இல் சேர்ந்தது. அனுமதியோடு ஒரு நிபந்தனையும் வந்தது: பூச்சியும் கால்நடையே, சாணம், ஹோட்டல் எச்சில், இறைச்சிக் கழிவு எதையும் அதற்கு இரையாகப் போடக் கூடாது. புழு எதையும் தின்னும் என்பதுதான் அதன் பெருமை. அதைத் தின்னவிடக் கூடாதவை எவை என்பதில்தான் பாதுகாப்பு இருக்கிறது.

இதற்கு இன்னொரு காரணம் கன உலோகங்கள். எத்தனையோ கிருமிகளைச் செரித்துக் குறைத்துவிடும் இந்தப் புழு, காட்மியத்தை மட்டும் இரையில் இருப்பதைவிடக் கூடுதலாகத் தன் உடலில் சேர்த்துக்கொள்கிறது. ஆய்வுகள் இதை மீண்டும் மீண்டும் காட்டியிருக்கின்றன. வேக வைத்தாலும் காயவைத்தாலும் உலோகம் போகாது. மீன் தீவனத்தில் காட்மியம் கிலோவுக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது ஐரோப்பிய வரம்பு.

நெய்வேலிக்கு அருகில் இருப்பவர்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும். பழுப்பு நிலக்கரி எரியும் அனல்மின் நிலையங்களும் சாம்பல் குட்டைகளும் உள்ள வட்டாரம் இது. பூவுலகின் நண்பர்கள், மந்தன் அத்யயன் கேந்திரா ஆகிய அமைப்புகள் 2023இல் வெளியிட்ட அறிக்கை, சுரங்கத்தையும் மின்நிலையங்களையும் சுற்றிய நீரிலும் மண்ணிலும் பாதரசம் உள்ளிட்டவை அளவு மீறி இருப்பதாகச் சொன்னது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து அதை விசாரணைக்கு எடுத்தது. இதனால் இந்தப் பகுதியில் புழுவே வளர்க்கக் கூடாது என்று முடிவுகட்ட வேண்டாம். மரத்தில் காய்க்கும் பலாவின் தோல் ஒன்று. சாம்பல் படிந்த தரையில் நாள்கணக்கில் கிடந்து கூட்டி அள்ளிய குப்பை வேறு. முன்னதை எடுக்கலாம், பின்னதைத் தொடக் கூடாது. சாம்பல் நீர் ஓடும் வாய்க்கால் ஓரத்துப் புல்லும் கீரைக் கழிவும் இரைத் தொட்டிக்கு வர வேண்டாம். முந்திரிப் பழம் நல்ல இரைதான். மருந்து அடித்த கையோடு விழுந்ததை விட்டுவிட வேண்டும். முந்திரி ஓட்டில் தோலைப் பொத்துவிடும் எண்ணெய் இருப்பதால் அது ஒரு துண்டுகூடக் கலக்கக் கூடாது.

கோழிக்கடைக் கழிவு பெரிய ஆசை காட்டும். இலவசமாகக் கிடைக்கும், புழு கொழுக்கும். ஆப்பிரிக்கக் கெளுத்தியை நாட்டில் வளர்க்கத் தடை போட்டும் சில இடங்களில் கள்ளத்தனமாக வளர்ப்பவர்கள் அதற்கு நேராகவே அழுகிய இறைச்சிக் கழிவைக் கொட்டுகிறார்கள். கழிவு புழு வழியாகப் போனால் சுத்தமாகிவிடும் என்று நம்புவது தவறு. புழு சால்மோனெல்லா, ஈ-கோலை போன்றவற்றைக் குறைக்கும், முழுதாக ஒழிக்காது. வித்து விட்டுத் தங்கும் பாக்டீரியாக்கள் பிழைத்துக்கொள்ளும். நெய்வேலி நகரியத்து மெஸ்ஸிலும் ஹோட்டலிலும் மிஞ்சும் எச்சில் சோறும் இதே வகைதான், எலும்பும் முள்ளும் கலந்தே வரும். காய்கனிக் கழிவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

வீட்டிலேயே வளர்த்துப் புதுப்புழுவாகப் போடுவதா, காய்ந்த தூளை வாங்குவதா? நூறு இருநூறு விரால் குஞ்சு மட்டும் வைத்திருப்பவருக்கு வீட்டுத்தொட்டி போதும். அறுவடைக்கு முந்தின நாள் இரையை நிறுத்தி, புழுவின் வயிறு காலியான பிறகு அலசி, கொதிக்கும் நீரில் சில நிமிடம் போட்டெடுத்துக் கொடுத்தால் கிருமி பயம் பெருமளவு தீரும். வெறும் வெயிலில் காயவைப்பது ஈரத்தைப் போக்கும், கிருமியைக் கொல்லும் என்று நம்ப முடியாது. மேலும் புழுவின் கொழுப்பும் கூட்டுப்புழுவின் கொழுப்பைப் போலவே சிக்குப் பிடிக்கும் என்பதால், எடுத்ததை அன்றன்றே போட்டுவிட வேண்டும். விற்பனைக்கு வளர்ப்பவர், குளம் பெரிதாக உள்ளவர், எண்ணெய் நீக்கிய தூளையே வாங்கலாம்.

வாங்கும்போது மூன்றைக் கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்க வேண்டும்: புழுவுக்கு என்ன இரை, எந்த வெப்பத்தில் எவ்வளவு நேரம் காய்ச்சியது, காட்மியமும் ஈயமும் சால்மோனெல்லாவும் எந்தத் தேதியில் சோதிக்கப்பட்டன. பதில் சொல்லத் தயங்கும் கடையை விட்டு நகர்ந்துவிடலாம். சந்தேகம் இருந்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவனப் பரிசோதனைக் கூடத்துக்கு மாதிரி அனுப்பலாம். அஃப்ளாடாக்சின் சோதனையும் அங்கே உண்டு. மேலே தெரியும் ஒரு பிடியை அள்ளாமல், பல மூட்டைகளின் அடியிலும் நடுவிலும் எடுத்துக் கலந்த மாதிரியாக இருக்க வேண்டும்; பூஞ்சை ஒரு மூலையில் மட்டும் பிடித்திருக்கலாம். இறால் சாப்பிட்டால் உடம்பு தடிக்கும் ஒவ்வாமை உள்ளவர்கள் பூச்சித்தூளைக் கையாளும்போது முகக்கவசமும் கையுறையும் போடுவது அவசியம். இறாலுக்கும் பூச்சிக்கும் பொதுவான புரதம் ஒன்றே இரண்டுக்கும் ஒவ்வாமையைக் கிளப்பும்.