ஊர்ப் பாசமும் உண்மையும்

கோல சிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா போன்ற வட்டாரங்களில் உள்ள தோட்டங்களில் ஒரு பிள்ளை ஓட்டப் போட்டியில் வென்றால், அந்த மகிழ்ச்சி ஒரு வீட்டோடு நின்றுவிடுவதில்லை. ‘நம் தோட்டத்துப் பிள்ளை’ என்று அனைவரும் பெருமைப்படுவர். காலணி வாங்கவும் பயணச் செலவுக்கும் அக்கம்பக்கத்தார் உதவியிருப்பர். அத்தகைய வீரர் ஒருவர் ஊக்கமருந்துக் குற்றத்திற்காகத் தடை செய்யப்பட்டால் ஊர் மக்கள் என்ன செய்வது? ‘நம் பிள்ளை தவறே செய்திருக்காது’ என்று வாதாடுவதா? ‘நம் பெயரைக் கெடுத்துவிட்டது’ என்று கைவிடுவதா? உண்மையில் நடந்த இரண்டு நிகழ்வுகள் இதற்கு விடை காண உதவும்.

2014ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கோப்பன்ஹேகனில் உலகப் பூப்பந்துப் போட்டி நடைபெற்றது. அங்கு நடத்தப்பட்ட பரிசோதனையில், நம் நாட்டு வீரர் டத்தோ லீ சோங் வெய்யின் உடலில் டெக்சாமெத்தசோன் எனும் மருந்து இருந்தது தெரியவந்தது. அழற்சியைக் குறைக்கும் இம்மருந்தைப் போட்டிக் காலத்தில் பயன்படுத்தக் கூடாது. மலேசியர் பலர் அவர்மீது நம்பிக்கை இழக்கவில்லை. எனினும், அந்த நம்பிக்கை மட்டுமே அவரைக் காப்பாற்றவில்லை. அவர் உட்கொண்ட கோர்டிசெப்ஸ் மாத்திரையின் மேலுறை வழியாக அம்மருந்து உடலில் கலந்தது என விசாரணையில் விளக்கப்பட்டது. ஏமாற்றும் நோக்கம் இல்லை என்பதை விசாரணைக் குழு ஏற்றது. ஆயினும், அவர் கவனக்குறைவாக இருந்ததால் எட்டு மாதத் தடை விதித்தது. அவர் உலகப் போட்டியில் வென்ற வெள்ளிப் பதக்கமும் பறிக்கப்பட்டது. 2015 மே மாதம் தடை முடிந்து திரும்பிய அவர், 2016 ரியோ ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் வென்றார்.

அடுத்த நிகழ்வு தமிழ்நாட்டைச் சேர்ந்தது. திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் முடிகண்டம் எனும் சிற்றூரில் பிறந்தவர் கோமதி மாரிமுத்து. தாம் பயிற்சி பெற்ற காலத்தில், தமக்குச் சத்தான உணவு கிடைக்க வேண்டும் என்பதற்காகத் தந்தை மாட்டுத் தீவனத்தை உண்டு பசியாறினார் என்று அவரே கூறியுள்ளார். 2019 ஏப்ரலில் தோகாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில், 800 மீட்டர் ஓட்டத்தை 2 நிமிடம் 2.70 விநாடியில் ஓடி அவர் தங்கம் வென்றார். தமிழ்நாடே அவரைக் கொண்டாடியது. பரிசுத் தொகைகள் குவிந்தன. ஆனால், அவரது மாதிரிகளில் நாண்ட்ரோலோன் வகை ஊக்கமருந்தின் தடயம் இருந்தது உறுதியானது. தடைசெய்யப்பட்ட எதையும் தாம் உட்கொண்டதில்லை என்று கோமதி மறுத்தார். எனினும், 2020இல் வெளியான தீர்ப்பில் அவருக்கு நான்காண்டுத் தடை விதிக்கப்பட்டது. தங்கப் பதக்கமும் பறிபோனது.

இரண்டு தண்டனைகளும் ஏன் வேறுபட்டன? இருவரின் உடலிலும் இருந்த மருந்துகள் வெவ்வேறு வகையின. அவற்றிற்குரிய விதிகளும் வேறு. ஆனால், அடிப்படை ஒன்றுதான். உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதிகளின்படி, தம் உடலில் காணப்படும் எந்தப் பொருளுக்கும் விளையாட்டாளரே பொறுப்பு. ‘எனக்குத் தெரியாது’ என்று கூறினால் மட்டும் போதாது. அப்பொருள் எவ்வாறு உடலுக்குள் வந்தது என்பதைச் சான்றுடன் விளக்கினால்தான் தண்டனை குறையக்கூடும். கைதட்டலும் கண்ணீரும் சான்றாகா.

இந்த விதி கடுமையானதாகத் தோன்றலாம். ஆனால், அதே ஓட்டத்தில் நேர்மையாக ஓடித் தோற்ற இன்னொருவரையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். அவருக்கும் ஓர் ஊர் உண்டு. அவருக்காகவும் ஒரு தந்தை பசித்திருக்கலாம். நம் பிள்ளைக்காக விதியைத் தளர்த்தினால், அந்தப் பிள்ளைக்கு அநீதி இழைத்தவர்கள் ஆவோம்.

அதற்காக, தவறியவரை ஒதுக்கிவிட வேண்டும் என்பது பொருளன்று. தீர்ப்பை ஏற்றுக்கொண்டும் அவரோடு நிற்கலாம். தண்டனை முடியும்வரை அவர் வேலை தேட, படிக்க, மனம் தளராதிருக்க உதவலாம். அவர் குடும்பத்தாரை ஏளனம் செய்யாதிருக்கலாம்.

எல்லாவற்றிற்கும் மேலாக, ஊரின் அன்பு வெற்றிக்குப் பின் மாலையாக வருவதைவிட, போட்டிக்கு முன்பே அறிவுரையாக வருவது நல்லது. நகரத்து வீரருக்கு மருத்துவரும் உணவு வல்லுநரும் அருகில் இருப்பர். தோட்டத்துப் பிள்ளைக்குப் பெரும்பாலும் ஆசிரியரும் நண்பர்களுமே துணை. யாரோ கொடுத்த புரதமாவு, ஜாமு, நாட்டு மருந்து, வலி மாத்திரை ஆகியவற்றைக் கேள்வி கேட்காமல் விழுங்குவது ஆபத்து. நோய்க்கு மருந்து தேவைப்பட்டால், தாம் போட்டியாளர் என்பதை மருத்துவரிடம் முதலில் கூற வேண்டும். தேவையானால் முறைப்படி விலக்கு பெறலாம். ஐயம் எழுந்தால் மலேசிய ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனமான அடாமாசிடம் கேட்டுத் தெளியலாம்.

1966 பேங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் மூன்று தங்கம் வென்ற நம் நாட்டு ஓட்டக்காரர் டாக்டர் மணி ஜெகதீசன், பின்னாளில் ஆசிய ஒலிம்பிக் மன்றத்தின் மருத்துவக் குழுத் தலைவராகவும் பணியாற்றினார். திடலில் பெற்ற புகழோடு நின்றுவிடாமல், விளையாட்டின் தூய்மைக்காகவும் அவர் உழைத்தார். நம் திடல்களில் ஓடும் பிள்ளைகளுக்கும் அத்தகைய வழிகாட்டிகள் தேவை. வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பர். பதக்கம் பறிபோன பின் வருந்துவதைவிட, பயிற்சி தொடங்கும் நாளிலேயே பிள்ளையின் கையில் இருக்கும் புட்டியில் என்ன இருக்கிறது என்று கேட்பதே உண்மையான ஊர்ப் பாசம்.