குறைந்த விலை பிராசசர் – ஓர் அலசல்

ரெக்கார்டு நோட்டு, டிராஃப்டர் போல டிப்ளமோ மாணவனுக்கு வீட்டில் ஒரு கம்ப்யூட்டரும் தேவை என்றாகிவிட்டது. லேபில் கிடைக்கிற நேரத்தில் ஆட்டோகேட் கை வராது. ஆனால் நம்மில் பலர் வீட்டில் சீட்டு எடுத்துத்தான் வாங்கித் தருவார்கள். ஒருமுறை வாங்கினால் மாற்ற வழியில்லை. எங்கள் வீட்டில் இதையெல்லாம் கேட்டுச் சொல்ல ஆள் இல்லாததால், நானே படித்தும் விசாரித்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

ஒரு பிராசசர் ஏன் விலை குறைவு? பெரிய பிராசசரில் இருக்கிற எதையோ இதில் குறைத்திருப்பார்கள், அதனால்தான். எதைக் குறைத்தார்கள் என்று பார்ப்பதுதான் முக்கியம்.

இதற்கு நல்ல உதாரணம் இன்டெல் நிறுவனத்தின் செலரான். 1998 ஏப்ரலில் முதல் செலரான் வந்தபோது, பென்டியம் 2-ல் இருந்த 512 கே.பி. இரண்டாம் நிலை கேஷ் மெமரியை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். (கேஷ் என்றால் இங்கே பணம் இல்லைங்க!) கணபதி, பீளமேடு பக்கம் லேத் பட்டறை பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். லேத்துக்குப் பக்கத்தில் டூல் வைக்கிற டிரே இருக்கும். கை நீட்டினால் டூல் கிடைக்கும். அந்த டிரேயை எடுத்துவிட்டால் ஒவ்வொரு டூலுக்கும் ஸ்டோர் ரூமுக்கு நடக்க வேண்டும். டிரேதான் கேஷ், ஸ்டோர் ரூம்தான் ராம். டிரே இல்லாத செலரான் ரொம்ப மெதுவு என்று பெயர் கெட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் செலரான் 300ஏ வந்தது. கேஷ் வெறும் 128 கே.பி.தான், ஆனால் அது சிப்புக்குள்ளேயே, பிராசசரின் முழு வேகத்தில் ஓடியது. பென்டியம் 2-ன் கேஷ் பாதி வேகத்தில்தான் ஓடியது. அதனால் இந்த மலிவு சிப் பல வேலைகளில் பெரிய அண்ணனை நெருங்கிவிட்டது.

இப்போதைய நிலவரத்துக்கு வருவோம். குறைந்த விலைக்கு டெஸ்க்டாப் கேட்டால் பொதுவாக மூன்று வழி சொல்வார்கள். ஏ.எம்.டி. ரைசன் 3 3200ஜி (2019), இன்டெல் கோர் ஐ3-12100 (2022), இல்லாவிட்டால் ஆபீஸிலிருந்து கழித்த பழைய ஐ5.

முதல் இரண்டிலும் 4 கோர்தான். 3200ஜி அதிகபட்சம் 4 கிகாஹெர்ட்ஸ், 12100 அதிகபட்சம் 4.3. இதைப் பார்த்து இரண்டும் ஏறக்குறைய ஒன்று என்று நினைக்கத் தோன்றும். ஆனால் கிகாஹெர்ட்ஸ் என்பது ஆர்.பி.எம். மாதிரி. ஒரே ஆர்.பி.எம்.மில் ஓடும் இரண்டு லேத்தில், எதில் டெப்த் ஆஃப் கட் அதிகமோ அதில்தான் வேலை சீக்கிரம் முடியும். 12100 ஒரு சுற்றில் செய்கிற வேலை அதிகம். மூன்றாம் நிலை கேஷும் 12 எம்.பி. 3200ஜி-யில் 4 எம்.பி.தான்.

மெக்கானிக்கல், சிவில் நண்பர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். ஆட்டோகேட் பெரும்பாலும் ஒரே கோரில்தான் ஓடும். ஒரு பம்ப் ஷாஃப்டை நாலு லேத்தில் ஒரே நேரத்தில் கடைய முடியுமா? முடியாது. நாலு ஷாஃப்ட் இருந்தால்தான் நாலு லேத்துக்கும் வேலை. அதனால் வரைபடம் போடுகிறவனுக்கு கோர் எண்ணிக்கையைவிட ஒற்றைக் கோரின் வேகம்தான் பெரிது. இதில் 12100 தெளிவாக முந்துகிறது.

3200ஜி-க்கும் நல்ல பக்கம் உண்டு. அதனுள் இருக்கும் வேகா 8 கிராபிக்ஸ், 12100-ன் கிராபிக்ஸைவிடப் பலமானது. தனி கார்டு வாங்காமல் ஓரளவு கேம் விளையாடலாம் (அப்பாவிடம் சொல்ல வேண்டாம்). அதன் ஏ.எம்.4 போர்டில் பிறகு, பயாஸை அப்டேட் செய்துகொண்டு, 6 கோர் ரைசன் 5 5600ஜி-யை மாட்டலாம். இதில் ராமை ஒரே குச்சியாகப் போட்டால் கிராபிக்ஸ் வேகம் நன்றாக அடிபடும். 8 ஜி.பி. ஒன்றுக்குப் பதில் 4 ஜி.பி. இரண்டு போடுவது நல்லது. 2025 கடைசியில் ராம் விலை ஏறு ஏறு என்று ஏறியதால், போர்டு டி.டி.ஆர்.4-ஆ 5-ஆ என்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

12100-ல் ஒரு பொறி உண்டு. பெயரின் கடைசியில் 'எஃப்' இருந்தால் விலை குறையும், ஆனால் அதில் கிராபிக்ஸே கிடையாது. தனி கார்டு இல்லாமல் மானிட்டரில் படம் வராது.

மூன்றாவது வழியில்தான் நம் பிள்ளைகள் அதிகம் மாட்டுகிறார்கள். "தம்பி, ஐ5 ஐ3-யைவிடப் பெருசுங்க" என்பார் கடைக்காரர். எந்தத் தலைமுறை என்று கேளுங்கள். 2013-ல் வந்த நான்காம் தலைமுறை ஐ5-4570, 84 வாட் வகை. 12100-ன் அடிப்படை அளவு 60 வாட்தான், வேகமும் அதிகம். விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் ஏற்கும் இன்டெல் பட்டியல் எட்டாம் தலைமுறையிலிருந்துதான். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. லினக்ஸ் போட்டு சி, பைதான் பழகுகிற கம்ப்யூட்டர் பிரிவு நண்பருக்கு அந்த மெஷின் இன்னமும் உழைக்கும். ஆட்டோகேட் லினக்ஸில் ஓடாது என்பதால் எங்களுக்கு உதவாது.

கரண்டு போகிற ஊர்க்காரர்களுக்கு ஒன்று. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினுக்குச் சாதாரண 600 வி.ஏ. யு.பி.எஸ். சில நிமிடம் தாங்கும். ஆட்டோகேட் தானாகச் சேமிப்பது 10 நிமிடத்துக்கு ஒருமுறைதான். அதற்குள் போனால் வரைந்தது போச்சு.

என் கணக்கில், வரைபட வேலைக்கு எஃப் இல்லாத 12100, 8 ஜி.பி. ராம், ஒரு எஸ்.எஸ்.டி. போதும். பணம் கொடுக்கும் முன் கடையிலேயே மெஷினைப் போடச் சொல்லி, டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறங்கள். பிராசசரின் முழுப் பெயரும், ராம் எத்தனை ஸ்லாட்டில் இருக்கிறது என்பதும் அங்கேயே தெரியும். பில்லில் "ஐ3" என்று மட்டும் எழுதினால் விடாதீர்கள், 12100 என்ற எண்ணையும் எழுதி வாங்குங்கள்.