கோடும் சதுரமுமாக ஒரு காதல் கதை

கேள்வி: தாத்தா தூத்துக்குடி உப்பளத்தில் வேலை பார்த்தவர், பாட்டி எட்டயபுரத்தில் தறி நெய்தவர். அவர்களுடைய காதல் கதையைப் படங்களாக்கி, கையாலேயே சிறு புத்தகம் செய்ய ஆசை. ஆனால், எனக்கு முகம் வரைய வராது. என்ன செய்யலாம்?
- வாசகி, எட்டயபுரம்

பதில்: தாராளமாகச் செய்யலாம். முகமே வேண்டாம். உப்புப் பாத்தி என்றால் வெள்ளைச் சதுரம். தறி என்றால் பாவும் ஊடையுமாகச் சிவப்புக் கோடுகள். தாத்தாவும் பாட்டியும் வந்துவிட்டார்கள்! பிரிந்திருந்த நாட்களில் சதுரம் ஒரு பக்க ஓரத்தில், கோடுகள் எதிர்ப்பக்க ஓரத்தில். நடுவே வெறும் தாள். கல்யாணப் பக்கத்தில் கோடுகள் சதுரத்துக்குள் ஓடட்டும்.

நாடோடிப் பாடகியாக இருந்து ஓவியரான தேஜு பென், நகரத்துக்கு வந்து வாழ்ந்த கதையைக் கறுப்புக் கோடுகளாலும் புள்ளிகளாலும் வரைந்தார். சென்னை தாரா புக்ஸ் 2012-இல் அதைக் கையால் அச்சிட்ட நூலாகக் கொண்டுவந்தது. கிடைத்தால் பாருங்கள்.

நான்கு ஏ4 தாள்களை ஒன்றாக மடித்தால் 16 பக்கங்கள். மடிப்பில் மூன்று துளைகள். தறி நூலையே ஊசியில் கோத்து, நடுத்துளையில் தொடங்கித் தைத்து, அங்கேயே முடிச்சுப் போடுங்கள்.

படத்துக்குக் கீழே ஒரு வரி போதும்; அது பெரியவர்கள் சொன்ன வார்த்தையாகவே இருக்கட்டும். உங்கள் ஊர் பாரதியின் வாழ்க்கையை அவர் மனைவி செல்லம்மா சொல்லி வைத்ததால் அந்த வீட்டின் கதை நமக்குக் கிடைத்தது. பாட்டி இருந்தால் இன்றே கேட்டு எழுதுங்கள். கடைசிப் பக்கத்தில் பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் மறக்காமல் குறியுங்கள்.