ரிவியூ பத்தி சர்வே எடுக்கப் போறீங்களா?

2013-ல வெளியான ஆய்வுக்காக மைக்ரோசாஃப்ட்ல ஆல்பர்ட்டோ பக்கெல்லியும் கிறிஸ்டியன் பேர்டும் கோட் ரிவியூ பத்தி சர்வே எடுத்தாங்க. "எதுக்கு ரிவியூ?"ன்னா, "பக் பிடிக்க"ன்னுதான் முதல் பதில். ஆனா கமெண்டுகளைப் பிரிச்சுப் பார்த்தா, கோடைச் சீராக்கும் யோசனைகள்தான் அதிகம். மாற்றத்தைப் புரிஞ்சுக்கறதே பெரிய சிக்கல்.

பாடம்: கருத்தை மட்டும் கேட்காதீங்க, கடைசியா நடந்த ரிவியூ எங்க, எவ்வளவு நேரம் நின்னுச்சுன்னு கேளுங்க.

சோஹார்ல நமக்கு வெள்ளி, சனி லீவு. சென்னை டீமுக்கு சனி, ஞாயிறு. வியாழன் சாயங்காலம் அனுப்பின கோடுக்கு வெள்ளிக்கிழமை அவங்க கேள்வி வரும். ஞாயிறு நாம பதில் போடுவோம், திங்கள்தான் பார்ப்பாங்க. சர்வேயில இது "ரிவியூவர் ஸ்லோ"ன்னு பதிவாகும். காண்ட்ராக்ட் புதுப்பிக்கற நேரத்துல அந்தப் பழி ஒருத்தர் தலையில விழும். அதனால, அனுப்பின கிழமையையும் ஒரு கேள்வியா வைங்க.