முட்டையிடாத கோழி குழம்புக்குத்தானா?



நம்மில் பலருடைய வீட்டுக் கொல்லையில் நான்கைந்து கோழிகளாவது மேய்வதுண்டு. அவற்றுள் ஒன்று முட்டையிடுவதை நிறுத்திவிட்டால், வீட்டில் வழங்கப்படும் தீர்ப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: "இது இனிமேல் போடாது. ஞாயிற்றுக்கிழமை அடிச்சுக் குழம்பு வச்சிட வேண்டியதுதான்!" இது அவசரத் தீர்ப்பு என்பதே எங்கள் கருத்து. முட்டை விற்ற காசு அம்மாவின் அல்லது பாட்டியின் சிறுவாட்டில் சேருகிறது. நமது நோட்டுப் புத்தகமும் வளையலும் திருவிழாக் கடை மிட்டாயும் பல சமயங்களில் அந்தச் சிறுவாட்டிலிருந்து வருபவைதாம். ஆகவே இது கோழியின் உயிரைப் பற்றிய பிரச்சினை மட்டுமன்று, நம்முடையதும் ஆகும்.

முதலில், முட்டை எவ்வாறு உண்டாகிறது என்று பார்ப்போம். பெட்டைக் கோழிக்கு இடப்பக்கத்துச் சினைப்பை மட்டுமே முழு வளர்ச்சி பெற்று வேலை செய்கிறது. அங்கிருந்து விடுபடும் மஞ்சள் கரு, முட்டைக் குழாயில் இறங்கும்போது வெள்ளைக் கருவையும் சவ்வையும் பெற்று, இறுதியில் ஓட்டைப் பெறுகிறது. ஓடு உருவாவதற்கு மட்டும் சுமார் 20 மணி நேரம் ஆகிறது. மொத்தத்தில் ஒரு முட்டைக்கு 24 முதல் 26 மணி நேரம். எனவே, இன்று காலை 8 மணிக்கு முட்டையிட்ட கோழி நாளை சற்றுத் தாமதமாகவும், மறுநாள் இன்னும் தாமதமாகவும் இட்டு, பின்பு ஒரு நாள் இடாமலே இருந்துவிடும். இது நோயன்று, கணக்கு.

நாட்டுக் கோழிக்கு இன்னொரு கணக்கும் உண்டு. அது ஒரு தடவைக்குச் சுமார் 10 முதல் 15 முட்டைகள் இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். அடை காப்பது 21 நாட்கள். அதன் பின் குஞ்சுகளை மேய்த்து ஆளாக்க இரண்டு மூன்று மாதங்கள். இவ்வளவு காலமும் முட்டை கிடையாது. ஆண்டு முழுவதற்கும் கூட்டிப் பார்த்தால் 60 முதல் 80 முட்டைகள் வரை தேறும். பண்ணையில் வளரும் வெள்ளை லெகான் கோழி ஆண்டுக்கு 300 முட்டை வரை இடுகிறதே என்று சிலர் ஒப்பிடுவார்கள். அந்த இனத்தில் அடை காக்கும் குணத்தையே மனிதர்கள் பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்து நீக்கிவிட்டார்கள். தாய்மையை மறந்த கோழியையும் மறக்காத கோழியையும் ஒரே தராசில் நிறுப்பது நியாயமா?

அடைக்கோழியை அடையாளம் காண்பது எளிது. கூட்டை விட்டு எழாது. அருகே சென்றால் இறகைச் சிலிர்த்துக் கொத்த வரும். புரோலாக்டின் என்னும் ஹார்மோன் அதன் உடலில் மிகுவதால் இந்நிலை உண்டாகிறது. அடையைக் கலைக்கத் தண்ணீரில் முக்குவதும், மூக்குத் துளையில் இறகைச் செருகி விடுவதும் ஊர்களில் கண்ட வழக்கங்கள். இறகு செருகுவது வெறும் கொடுமை என்போம். முட்டைகளை எடுத்துவிட்டு, அடியில் காற்றுப் புகும்படி உயர்த்தி வைத்த கம்பிக் கூண்டில் நான்கைந்து நாட்கள் தீனியும் தண்ணீரும் கொடுத்து வைத்தாலே போதும். வயிற்றுச் சூடு தணிந்து அடை கலையும்.

இனி, முட்டையிட்டும் நமக்குக் கிடைக்காத வகையைப் பார்ப்போம். அவிழ்த்துவிட்ட கோழி தனக்குப் பிடித்த மறைவிடத்தில்தான் முட்டையிடும். வைக்கோற்போர், விறகுக் குவியல், வேலியோரப் புதர், பக்கத்து வீட்டு மாட்டுக் கொட்டகை, எதுவும் அதற்குச் சம்மதமே. காலையில் திறந்து விடுமுன் பாட்டிமார் விரலால் தொட்டுப் பார்த்து, முட்டை இருப்பது தெரிந்தால் அக்கோழியை மட்டும் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைப்பது இதற்காகத்தான். எங்கள் தெருவில் இரண்டு வீட்டார் முட்டை காணாமற்போன காரணத்தால் மாதக்கணக்கில் பேசாமல் இருந்தார்கள். அந்த வீட்டுச் சிறுமி எடுத்துவிட்டாள் என்று இந்த வீட்டில் சொல்ல, அச்சிறுமி தெருக் குழாய்க்குத் தண்ணீர் எடுக்க வருவதையே நிறுத்திவிட்டாள். பிறகு ஒருநாள் கொல்லைச் சுவரின் கல்லிடுக்கில் உடைந்த ஓடுகள் குவியலாகக் கிடந்தன. கீரியின் வேலை! பாம்பாக இருந்தால் முழு முட்டையையும் விழுங்கிவிடும், ஓடுகூடக் கிடைக்காது. காகமும் சளைத்ததன்று. சில கோழிகள் தம் முட்டையைத் தாமே கொத்திக் குடிக்கவும் பழகிவிடும்.

புத்தகங்களில் முட்டை குறைவதற்கு முதற் காரணமாகக் குளிர்கால இருட்டைக் கூறுவதுண்டு. கோழிக்கு ஒளி கண் வழியாக மட்டுமன்றி, மண்டையோட்டின் வழியாகவும் மூளையை எட்டி, முட்டையிடும்படி தூண்டுகிறது. நாளொன்றுக்கு 14 முதல் 16 மணி நேர ஒளி இருந்தால் நல்லது என்பார்கள். ஆனால் அப்புத்தகங்கள் பெரும்பாலும் குளிர் நாடுகளை மனத்திற் கொண்டு எழுதப்பட்டவை. லண்டனில் டிசம்பர் மாதத்துப் பகல் 8 மணி நேரத்துக்கும் குறைவு. ஜூனில் பதினாறரை மணி. நம் சென்னையிலோ டிசம்பரில் சுமார் 11 மணி 20 நிமிடம், ஜூனில் சுமார் 12 மணி 55 நிமிடம். ஒன்றரை மணி நேரந்தான் வேறுபாடு! ஆகையால் நம் ஊர்க் கோழிக்கு இருட்டைவிட வெயிலே பெரிய பகை.

கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. சித்திரை வெயிலில் அது வாயைத் திறந்து இளைப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். அவ்வாறு இளைக்கும்போது இரத்தத்திலுள்ள கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறுவதால் ஓடு மெலிகிறது. தீனி எடுப்பதும் குறைகிறது, முட்டையும் குறைகிறது. முட்டையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர் அன்றோ? ஒரு கோழி நாளொன்றுக்குச் சுமார் கால் லிட்டர் தண்ணீர் குடிக்கும். கடும் வெயிலில் அதைப்போல் இரு மடங்கும் குடிக்கும். ஒருநாள் முழுவதும் தண்ணீர் கிடைக்காவிட்டால் அதற்குப் பின் பல நாட்கள் முட்டை நின்றுவிடலாம். வாசலில் ஒரு மண் சட்டியை நிழலில் வைத்து, இரு வேளையும் கழுவி நிரப்புவதற்கு எவ்வளவு செலவாகிவிடும்? செலவே இல்லாத இந்த வேலைதான் வீடுகளில் அதிகமாக மறக்கப்படுகிறது.

தீனியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தவிடும் மிச்சச் சோறும் வயிற்றை நிரப்பும், முட்டைக்குப் போதா. கம்பு, சோளம், கொஞ்சம் புண்ணாக்கு, கீரைக் கழிவு, கறையான் ஆகியவை சேர வேண்டும். ஒவ்வொரு முட்டை ஓட்டிலும் சுமார் 2 கிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. தீனியில் அது குறைந்தால் கோழி தன் எலும்பிலிருந்தே எடுத்து ஓடு கட்டும். கடைசியில் தோல் முட்டையிட்டு, பிறகு நின்றுவிடும். கிளிஞ்சலை இடித்துப் போடலாம். முட்டை ஓட்டைப் போடுவதாக இருந்தால் வறுத்துப் பொடி செய்தே போட வேண்டும். முழு ஓட்டின் உருவம் தெரிந்தால் கோழிக்கு முட்டை குடிக்கும் ஆசை வந்துவிடும்.

ஆண்டுக்கு ஒரு முறை கோழி பழைய இறகுகளை உதிர்த்துப் புது இறகு பெறுகிறது. இறகு பெரும்பாலும் புரதத்தால் ஆனது. உண்ணும் புரதமெல்லாம் இறகுக்கே போய்விடுவதால், இரண்டு மூன்று மாதங்களுக்கு முட்டை நிற்கும். கழுத்தும் முதுகும் மொட்டையாகி அலங்கோலமாகத் திரியும் இந்தக் காலத்தில்தான் பாவம், பல கோழிகள் கத்திக்கு இரையாகின்றன! புது இறகு முளைத்தபின் அவை மறுபடி முட்டையிடும்.

செள்ளும் பேனும் இருந்தாலும் முட்டை குறையும். சிலவகைச் செள் பகலில் கூட்டின் பலகை இடுக்கில் ஒளிந்திருந்து இரவில் இரத்தம் குடிக்கும். ஆகவே கோழியை மட்டும் பார்த்தால் போதாது. கூட்டையும் வெயிலில் காயவைத்துச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். புழுதியில் புரள ஓர் இடமும் தேவை. நாய் துரத்திய பயம், சந்தையிலிருந்து புது வீட்டுக்கு வந்த மிரட்சி, குடற்புழு இவையும் காரணங்களே. எல்லாவற்றிலும் கொடியது வெள்ளைக் கழிச்சல். ராணிக்கேட் என்னும் மலையூரின் பெயராலும் இது நம் நாட்டில் வழங்கப்படுகிறது. இங்கிலாந்தில் 1926-இல் நியூகாசில் நகரத்தருகே கண்டதால் அப்பெயரும் உண்டு. பிழைத்த கோழிகளும் கோணல் முட்டையிடும், அல்லது இடாது. இதற்கு மருந்து இல்லை, தடுப்பூசிதான் உண்டு.

கத்தியைத் தேடுமுன் செய்து பார்க்க வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது. கோழியைக் கையில் பிடித்து, எச்சத் துவாரத்துக்குக் கீழே உள்ள இரண்டு எலும்பு முனைகளுக்கு நடுவே விரல்களை வைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று விரல்கள் நுழைந்து, கொண்டையும் சிவந்திருந்தால் அது முட்டையிடும் கோழியேதான். வைக்கோற்போரில் போய்த் தேடுங்கள். ஒரு விரல்தான் நுழைகிறது என்றால் முட்டை நின்றிருக்கிறது. ஆனால் நின்றதற்குக் காரணம் அடையா, இறகா, தண்ணீரா, செள்ளா என்று பார்த்த பிறகே வயதைக் குறை சொல்ல வேண்டும்.

வயதும் காரணமாவதுண்டு. முதல் ஆண்டுக்குப் பின் ஆண்டுக்காண்டு முட்டை குறைந்துகொண்டே வரும். அப்போதும் கிழட்டு நாட்டுக் கோழிக்கு வேலை இருக்கிறது. அடை காக்கும் குணம் அதை விட்டுப் போவதில்லை. லெகான் முட்டையானாலும், வாத்து முட்டையானாலும் வைத்தால் போதும், உட்கார்ந்துவிடும். வாத்து முட்டைக்கு 28 நாட்கள் ஆகும். ஒரு வாரம் கூடுதலாயிற்றே என்று எழுந்து போகாது. பொரித்த குஞ்சுகள் குளத்தில் இறங்கிவிட, கோழி மட்டும் கரையிலே நின்று கூப்பிட்டுக்கொண்டிருக்கும்.